துணுக்குச் செய்தியோடு அதன் காரணத்தையும் அச்சிட வேண்டுகிறேன்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசியல் செய்திகளையும் ஊர்ச் செய்திகளையும் பெரியவர்கள் படித்து முடித்து மடித்து வைத்த பிறகு, அந்தத் தாளைத் தேடி எடுத்து, உள்பக்கத்தில் ஒரு சிறு கட்டத்துக்குள் வெளியாகும் துணுக்குச் செய்திகளை மட்டும் படிக்கும் பெருங்கூட்டம் ஒன்று தங்கள் நாளிதழுக்கு உண்டு. அவர்கள் பள்ளிப் பிள்ளைகள். குடியாத்தம் வட்டத்தில் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் நான், அந்தக் கூட்டத்தின் சார்பாகவே இக்கடிதத்தை எழுதுகிறேன். எங்கள் பள்ளியின் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து, திருக்குறள், செய்தி வாசிப்பு ஆகியவற்றை அடுத்து, தங்கள் துணுக்குகளில் ஒன்றை ஒரு மாணவர் உரக்க வாசிப்பது நெடுநாளைய வழக்கம். வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அந்நேரத்தில் மட்டும் கசகசவென்று பேசாமல் காது கொடுத்துக் கேட்பார்கள். அத்தனை ஆவலோடு கேட்கப்படும் ஒரு பகுதியைப் பற்றி எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது: ஒவ்வொரு துணுக்கோடும் அது ஏன் அப்படி இருக்கிறது, அல்லது அதை எப்படிக் கண்டறிந்தார்கள் என்பதை இரண்டு வரியிலாவது சேர்த்து அச்சிட வேண்டும்.

இது ஏதோ கூடுதல் அலங்காரத்துக்காகக் கேட்பதன்று. காரணம் சொல்லப்படாத துணுக்கை நம்பலாம் அல்லது நம்பாமல் விடலாம். அதற்கு மேல் அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையால் எதுவும் செய்ய முடியாது. பொய்யான துணுக்கும் மெய்யான துணுக்கும் ஒரே அளவு எழுத்தில், ஒரே கட்டத்துக்குள், ஒரே தொனியில் வரும்போது இரண்டையும் பிரித்தறிய அதற்கு வழியே இல்லாமல் போகிறது.

விண்வெளியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும் மனிதனின் ஒரே படைப்பு சீனப் பெருஞ்சுவர் என்னும் துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள். என் பள்ளி நாட்களில் நான் படித்தது. இன்றும் ஏதாவதொரு தாளில் தலைகாட்டிக்கொண்டுதான் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டு விண்வெளிக்குச் சென்ற முதல் சீன வீரர் யாங் லிவெய், தம் கண்ணுக்குச் சுவர் தென்படவில்லை என்று வெளிப்படையாகவே சொல்லிவிட்டார். அவர் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்பதும் இல்லை. நல்ல பார்வையுடைய ஒருவரின் கண், ஒரு பொருள் இருக்கும் தொலைவில் ஏறக்குறைய 3,400-இல் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்த எதையும் தெளிவாகப் பிரித்தறியாது. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுற்றும் உயரம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். வகுத்துப் பார்த்தால் 120 மீட்டருக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. சுவரோ சில மீட்டர் அகலமே உடையது. அதன் நிறமும் பெரும்பாலும் சுற்றியுள்ள மண்ணின் நிறந்தான். அவ்வளவு நீளமாக இருந்தும் அது ஏன் தெரிவதில்லை என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு வகுத்தல் கணக்கில் புரிந்துகொள்ளும். அதே கணக்கைக் கொண்டு, வேலூரில் பல நூறு மீட்டர் அகலத்துக்கு விரிந்து கிடக்கும் பாலாற்று மணற்படுகை அங்கிருந்து நன்றாகவே தெரியும் என்றும் அது தானே சொல்லிவிடும். காரணம் தெரிந்த பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு செய்தி மட்டுமன்று, பல செய்திகளைச் சோதித்துப் பார்க்கும் வழியும் கூடவே கிடைக்கிறது.

எங்கள் பகுதியே ஒருமுறை உலகத்துத் துணுக்காகிப் போனதைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 2016 பிப்ரவரி 6 அன்று, அப்போது வேலூர் மாவட்டத்திலும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்திலும் உள்ள நாட்றம்பள்ளிக்கு அருகில் ஒரு கல்லூரி வளாகத்தில் வெடிப்பு ஒன்று நிகழ்ந்து, பேருந்து ஓட்டுநர் ஒருவர் உயிரிழந்தார். வேறு சிலர் காயமடைந்தனர். தரையில் ஒரு பள்ளம் காணப்பட்டது. கட்டடத்தின் கண்ணாடிகள் நொறுங்கின. விண்கல் விழுந்ததே காரணம் என்று மாநில அரசின் அறிவிப்பிலேயே சொல்லப்பட்டது. அடுத்த சில நாட்களில், வரலாற்றில் விண்கல் தாக்கி இறந்த முதல் மனிதர் எங்கள் பகுதிக்காரர் என்ற செய்தி உலகம் முழுவதும் பரவியது. பின்னர், வெளியான படங்களைப் பார்த்த நாசா அறிவியலாளர்கள், அது தரையில் நிகழ்ந்த வெடிப்பைப் போலவே தோன்றுகிறது, விண்ணிலிருந்து விழுந்த கல்லால் ஆனதாகத் தோன்றவில்லை என்று தெரிவித்தனர். ஆனால் முதல் செய்தி பரவிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூட இரண்டாவது செய்திக்கு வாய்க்கவில்லை. இன்றும் வாணியம்பாடிப் பக்கம் யாரைக் கேட்டாலும் விண்கல் விழுந்த கதையைத்தான் சொல்வார்கள். ஒரு குடும்பம் தன் மனிதரை இழந்த துயரம் அது. அந்த மரணத்துக்கு உண்மையான காரணம் எது என்று கேட்பது அவருக்குச் செய்யும் மரியாதை என்றே நான் கருதுகிறேன்.

இங்கேதான் காரணம் அறிந்த வாசகருக்கும் அறியாத வாசகருக்கும் உள்ள வேறுபாடு வெளிப்படுகிறது. விண்ணிலிருந்து வரும் சிறு கல், காற்று மண்டலத்தில் உராய்ந்து தன் பெருவேகத்தைத் தரைக்கு வெகு மேலேயே இழந்துவிடுகிறது. கடைசியில் அது மணிக்குச் சில நூறு கிலோமீட்டர் வேகத்தில், மலை உச்சியிலிருந்து உருட்டிவிட்ட கல்லைப் போல விழுமேயன்றி, வெடிகுண்டைப் போல வெடிக்காது. தரையில் மோதி வெடிக்கும் அளவுக்குப் பெரிய கல்லாக இருந்தால், பகல் வெளிச்சத்திலும் அது ஒரு நெருப்புக் கோளமாக வானத்தைக் கடந்து வந்திருக்கும்; கிருஷ்ணகிரி முதல் காட்பாடி வரை ஆயிரக்கணக்கானோர் அதைக் கண்டிருப்பார்கள். அப்படிப் பலரும் கண்டதாகச் செய்தி வராததே ஐயம் எழுப்பப் போதுமானதாக இருந்தது.

உண்மையில் விண்கல் தாக்கிய மனிதர்களின் வரலாறு இதைவிடச் சுவையானது. 1954 நவம்பர் 30 அன்று அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஆன் ஹாட்ஜஸ் என்ற பெண்மணி வீட்டில் சாய்விருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தபோது, கிட்டத்தட்ட 4 கிலோ எடையுள்ள விண்கல் ஒன்று கூரையைத் துளைத்து, வானொலிப் பெட்டியில் மோதித் தெறித்து, அவர் இடுப்பருகே பட்டது. பெரிய கன்றிய காயத்தோடு அவர் பிழைத்துக்கொண்டார். கல் நேராக அவர் மீது விழாமல், கூரையிலும் வானொலியிலும் மோதி வேகம் குறைந்து வந்ததை எண்ணிப் பார்த்தால் அவர் பிழைத்த காரணம் விளங்கும். 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே ஏறக்குறைய 20 மீட்டர் அளவுள்ள விண்கல் வானிலேயே வெடித்தபோது 1,500 பேர் அளவுக்குக் காயமுற்றனர். ஆனால் கல் பட்டு அல்ல. பெரும் ஒளியைக் கண்டு என்னவென்று பார்க்க ஜன்னலருகே வந்து நின்றவர்கள் மீது, சற்று நேரம் கழித்து வந்த அதிர்வலை கண்ணாடிகளை உடைத்துக் கொட்டியது. ஒளி உடனே வந்துவிடும், ஒலியும் அதிர்வும் பின்னால்தான் வரும் என்பதைக் கல் குவாரிகளுக்கு அருகில் வாழும் எங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதே இல்லை. எதிர்க் குன்றில் வெடி வைக்கும்போது முதலில் புழுதி எழும். கிலோமீட்டருக்கு மூன்று நொடி வீதம் கணக்கிட்டது போலச் சத்தம் பிறகு வந்து சேரும். மின்னலுக்கும் இடிக்கும் அதே கணக்குதான். பளிச்சென்று எங்காவது பேரொளி தெரிந்தால் ஜன்னலை விட்டு விலகி நில் என்ற அறிவுரை, செல்யாபின்ஸ்க் துணுக்கின் காரணத்தை அறிந்தவருக்கே கிடைக்கும்.

இறந்தவர் பற்றியும் ஒரு பதிவு உண்டு. 1888 ஆகஸ்ட் 22 அன்று, இன்றைய ஈராக்கில் உள்ள சுலைமானியாவில் விண்கற்கள் பொழிந்ததில் ஒருவர் உயிரிழந்தார், இன்னொருவர் உடல் செயலிழந்தார் என்று உஸ்மானியப் பேரரசின் அரசு ஆவணங்களில் எழுதப்பட்டிருப்பதை ஆய்வாளர்கள் கண்டெடுத்து 2020-இல் வெளியிட்டனர். கல்லே கிடைக்கவில்லை, கடிதங்கள்தான் கிடைத்தன. இந்தச் செய்தியை அது அறியப்பட்ட விதத்தோடு சேர்த்து அச்சிட்டால், எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை வாசகரே எடைபோட்டுக்கொள்வார். அதை மட்டும் நீக்கிவிட்டால், இதுவும் நாட்றம்பள்ளியும் அவர் மனத்தில் ஒரே தட்டில் போய் அமர்ந்துவிடும்.

அயல்நாட்டுச் செய்திகளுக்கு மட்டும் நான் காரணம் கேட்கவில்லை. எங்கள் குடியாத்தம் தீப்பெட்டிக்கும் கைலிக்கும் பேர்போன ஊர். ஆயினும் தீக்குச்சி ஏன் பற்றுகிறது என்பதைத் தீப்பெட்டி ஒட்டி வளர்ந்த வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டால், குச்சியின் தலையில் பாஸ்பரஸ் இருப்பதால் என்று ஒருமித்த குரலில் விடை வருகிறது. இன்று நாம் பயன்படுத்தும் தீக்குச்சியின் தலையில் பாஸ்பரஸ் கிடையாது. அங்கிருப்பது முதன்மையாகப் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் சேர்ந்த கலவை. பாஸ்பரஸ், அதிலும் சிவப்பு பாஸ்பரஸ், பெட்டியின் பக்கவாட்டில் தடவிய மருந்தில் கண்ணாடித் தூளோடு சேர்ந்து இருக்கிறது. உரசும் சூட்டில் அதில் ஒரு துளி வெள்ளை பாஸ்பரஸாக மாறிக் காற்றில் தானே பற்றி, தலையில் உள்ள மருந்தைப் பற்ற வைக்கிறது. இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. புதுப் பெட்டியின் பழுப்புப் பட்டையில் ஒவ்வோர் உரசலுக்கும் ஒரு வெளிறிய கோடு விழுவதைப் பார்க்கலாம். பெட்டி நனைந்து பட்டை கரைந்துபோனாலோ, பல நாள் உரசித் தேய்ந்துபோனாலோ, உள்ளே குச்சிகள் நன்றாகவே இருந்தும் ஒன்றும் பற்றாமல், பக்கத்து வீட்டில் பெட்டி கடன் வாங்கியது எல்லா வீட்டிலும் நடந்ததுதான். அந்த எரிச்சலுக்குள் ஒரு வேதியியல் பாடம் முழுமையாக இருக்கிறது.

அந்தப் பிரிவினை எதற்காகச் செய்யப்பட்டது என்பது அதைவிட முக்கியமானது. பழைய தீக்குச்சிகளின் தலையில் வெள்ளை பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றும். அதைச் செய்த தொழிற்சாலைகளில் அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்கு, பெரும்பாலும் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும், தாடை எலும்பு அழுகிப்போகும் கொடிய நோய் வந்தது. 1844-இல் சுவீடனைச் சேர்ந்த குஸ்தாவ் எரிக் பாஷ், வெள்ளை பாஸ்பரஸுக்குப் பதிலாக நச்சற்ற சிவப்பு பாஸ்பரஸைப் பயன்படுத்தி, அதையும் குச்சியில் வைக்காமல் பெட்டியின் பக்கத்துக்குக் கொண்டுபோனார். 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளை பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் கண்டன. நம் நாட்டில் 1913-இல் சட்டம் வந்தது. தீப்பெட்டியைக் கண்டுபிடித்தவர் யார் என்று ஒரு வரித் துணுக்காக ஒரு வெளிநாட்டுப் பெயரை அச்சிடுவதோடு நின்றுவிட்டால், எங்கள் ஊர்ப் பெண்களின் தொழிலோடு அந்தப் பெயருக்கு இருக்கும் உறவு எவருக்கும் தெரியாமலே போகும்.

தை, மாசி மாதங்களில் எங்கள் மாவட்டங்களில் ஊர்தோறும் மாடு விடும் விழா நடக்கும். சிவப்புச் சட்டை போட்டுப் போகாதே, காளை முட்டிவிடும் என்று வீட்டில் எச்சரித்து அனுப்புவார்கள். சிவப்பைக் கண்டால் காளைக்கு ஆத்திரம் வரும் என்று துணுக்குகளிலும் வந்திருக்கிறது. மாட்டின் கண்ணில் நிறம் அறியும் செல்கள் இரண்டு வகையே உண்டு, நமக்கு மூன்று. சிவப்பை நாம் காண்பது போல் அது காண்பதில்லை. ஸ்பெயின் நாட்டு வீரர் அசைக்கும் துணியின் அசைவுதான் காளையைத் தூண்டுகிறது, அதன் நிறமன்று. எங்கள் விழாக்களில் மாடு மிரள்வதும் கூச்சலாலும் குறுக்கே ஓடுபவர்களாலுந்தான். இந்தக் காரணம் தெரிந்தால் பிள்ளை நீலச் சட்டை போட்டுக்கொண்டு அச்சமின்றித் தடுப்புக்கு உள்ளே போகாது. வெளியே அசையாமல் நிற்கும்.

வேலூரின் இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைத் தாங்கள் சிறப்பாக வெளியிட்டீர்கள். காம்பிலும் இலையிலும் முள் நிறைந்த அந்தக் கத்தரியைப் பறிக்கும்போது விரலில் குத்து வாங்காதவர் எங்கள் பக்கம் இல்லை. மற்றக் கத்தரிகளுக்கு ஏன் முள் இல்லை? கத்தரியின் நெருங்கிய காட்டு உறவுகள் பெரும்பாலும் முள் உள்ளவையே. மேயும் விலங்குகளிடமிருந்து காத்துக்கொள்ள அவை வைத்திருக்கும் கருவி அது. மனிதர் முள் குறைந்த செடிகளையே தேர்ந்து விதை எடுத்து வந்ததில் முள் மறைந்தது. அதற்குக் காரணமான மரபணுவை 2024-இல் ஓர் ஆய்வுக் குழு அடையாளம் கண்டது. அதைவிட வியப்பு, ரோஜாவின் முள்ளுக்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்த மரபணுவே காரணமாக இருப்பது. கத்தரியும் ரோஜாவும் தாவர உலகில் எவ்வளவோ தொலைவில் பிரிந்துபோனவை. சுவைக்காக முள்ளைப் பொறுத்துக்கொண்டு அந்த விதையைக் காத்து வந்த எங்கள் உழவர்களை நினைக்கையில் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

காவலூரைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதத்தை முடிக்க எனக்கு மனம் வரவில்லை. ஆலங்காயத்தைத் தாண்டி, ஜவ்வாது மலையில் ஏறத்தாழ 725 மீட்டர் உயரத்தில் இருக்கிறது வைணு பாப்பு வானாய்வகம். ஆசியாவின் பெரிய தொலைநோக்கிகளுள் ஒன்று அங்கே உள்ளது என்ற ஒரு வரி அவ்வப்போது துணுக்குகளில் வருகிறது. முழுக்க இந்தியாவிலேயே உருவான, 2.34 மீட்டர் விட்டமுள்ள அந்தத் தொலைநோக்கி 1986 ஜனவரி 6 அன்று நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்பதையும், அது எதைக் கண்டது என்பதையும் எந்தத் துணுக்கும் சொல்லி நான் பார்த்ததில்லை. நிலநடுக்கோட்டிலிருந்து 12½ பாகை வடக்கே மட்டுமே இருப்பதால், வடவானத்தோடு தென்வானத்தின் பெரும்பகுதியையும் அங்கிருந்து காண முடியும். ஐரோப்பாவில் எவ்வளவு பெரிய தொலைநோக்கியை வைத்தாலும் அந்தத் தென்வானம் அடிவானத்துக்குக் கீழேயே இருக்கும். சுற்றிலும் காடு இருப்பதால் ஊர் வெளிச்சம் அண்டாத இருட்டும் அங்கே உண்டு.

1977 மார்ச் 10 இரவு நடந்ததைக் கேளுங்கள். யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்து செல்லவிருந்தது. கோள் மறைக்கும் நேரத்தை அளப்பதற்காகக் காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியோடு ஜே. சி. பட்டாச்சார்யாவும் கே. குப்புசாமியும் காத்திருந்தனர். கோள் அருகில் வருவதற்கு முன்பே விண்மீனின் ஒளி சில நொடிகள் மங்கித் திரும்பியது. யுரேனஸுக்கு ஒரு புதிய துணைக்கோள் இருக்கிறது என்று அவர்கள் கருதி எழுதினர். அதே இரவில் விமானத்தில் பறந்தபடி அதே நிகழ்வைக் கவனித்த அமெரிக்கக் குழுவினருக்கு, கோளுக்கு முன்னும் பின்னும் ஒரே ஒழுங்கில் பலமுறை ஒளி மங்கியது தெரிந்தது. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் துணைக்கோள் எனலாம். இரு பக்கமும் சமதொலைவில் மங்கினால் அது சுற்றி வளைத்த வளையமாகத்தான் இருக்க முடியும். யுரேனஸின் வளையங்கள் அப்படித்தான் அறியப்பட்டன. எவரும் வளையத்தைக் கண்ணால் காணவில்லை. மங்கிய ஒளியை வைத்து ஊகித்தார்கள். யுரேனஸுக்கு வளையங்கள் உண்டு என்ற மூன்று சொல் துணுக்கையும் இந்த வரலாற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 1988 பிப்ரவரி 17 அன்று அதே மலையிலிருந்து ஆர். ராஜமோகன் கண்டுபிடித்த சிறுகோள் ஒன்றுக்குக் கணித மேதை ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. 4130 என்ற எண்ணோடு அது இன்றும் சூரியனைச் சுற்றி வருகிறது. வாணியம்பாடியில் மொட்டை மாடியில் ஏறி நின்றால் தெரியும் மலைத்தொடர் அது. அங்கே நின்று பார்க்கும் பிள்ளைக்கு அந்த மலையிலிருந்து என்ன காணப்பட்டது என்று தெரிய வேண்டாமா?

இடம் போதாது என்று தாங்கள் சொல்லக்கூடும். நாளொன்றுக்கு ஐந்து துணுக்குகள் போடும் இடத்தில் இரண்டு போட்டால் போதும். 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து புறப்பட்ட தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு என்பது போன்ற, காரணம் பெரிதாகத் தேவைப்படாத வரலாற்றுச் செய்திகளுக்கு ஒரு வரியே போதும். அவற்றுக்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. முன்பு வெளியான துணுக்கு தவறென்று தெரியவந்தால், அதே கட்டத்தில், அதே எழுத்தளவில், ஏன் தவறு என்ற விளக்கத்தோடு திருத்தம் வெளியிட்டால், அதுவே மிகச் சிறந்த துணுக்காக அமையும் என்பது என் உறுதியான நம்பிக்கை.

தொடங்குவதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் கண்ணெதிரே இருக்கிறது. சூரியன் நண்பகலில் உச்சந்தலைக்கு நேராக வந்து, நட்டு வைத்த குச்சிக்கு நிழலே இல்லாமல் போகும் நாள், நம் நாட்டில் கடகரேகைக்குத் தெற்கே உள்ள ஊர்களுக்கெல்லாம் ஆண்டில் இரண்டு முறை வருகிறது. வேலூருக்கு அது ஏப்ரல் 24-ஐ ஒட்டியும், ஆகஸ்ட் 18 அல்லது 19-ஐ ஒட்டியும் வரும். நம் கடிகாரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. வேலூர் அதற்கு மூன்று பாகைக்கு மேல் மேற்கே இருப்பதால், உண்மையான உச்சிப்பொழுது ஏப்ரலில் 12 மணி 12 நிமிடத்தை ஒட்டியும் ஆகஸ்டில் 12 மணி 17 நிமிடத்தை ஒட்டியும் வரும். பள்ளி மைதானத்துக் கொடிக்கம்பத்தைப் பிள்ளைகள் பார்த்தால் போதும்: நிழல் மெல்லச் சுருங்கி, கம்பத்தின் அடிப் பீடத்துக்குள் ஒடுங்கி, சில நிமிடங்களுக்குப் பிறகு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். சூரியனை நேராகப் பார்க்கவே வேண்டாம். தரையைப் பார்த்தால் போதும். ஏப்ரலில் சூரியன் நாளொன்றுக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர் வடக்கே ஏறுவதால், திருவண்ணாமலையில் அந்த நாள் வேலூருக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிடும்; ஆகஸ்டில் சூரியன் தெற்கே இறங்குவதால் வேலூருக்கு முதலிலும் திருவண்ணாமலைக்குப் பிறகும் வரும்.

இதற்கு மேலும் ஒன்று செய்யலாம். மகாராஷ்டிரத்தின் நாகபுரி வேலூருக்கு ஏறத்தாழ நேர் வடக்கே, சுமார் 910 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. வேலூரில் நிழலே இல்லாத அந்த நிமிடத்தில், நாகபுரியில் 1 மீட்டர் குச்சிக்கு 14 சென்டிமீட்டருக்குச் சற்று மேல் நிழல் விழும். அது 8 பாகைக்குச் சற்றுக் கூடுதலான கோணம். முழு வட்டத்தின் 360 பாகையில் அது ஏறக்குறைய 44-இல் ஒரு பங்கு. 910-ஐ 44-ஆல் பெருக்கினால் 40,000 கிலோமீட்டர் வருகிறது. அதுதான் பூமியின் சுற்றளவு. கிறிஸ்து பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கும் முன்பே கிரேக்க அறிஞர் எரட்டோஸ்தனீஸ் எகிப்தின் இரண்டு நகரங்களை வைத்து இதே முறையில்தான் பூமியை அளந்தார். நாகபுரியில் உறவினரோ, பணிபுரியும் ஊர்க்காரரோ இருக்கும் குடும்பங்கள் எங்கள் பகுதியில் எத்தனையோ உண்டு. அவர்கள் கைப்பேசியில் ஒரு நிழலின் நீளத்தைச் சொன்னால், குடியாத்தத்தில் இருக்கும் ஏழாம் வகுப்புப் பிள்ளை உலகத்தின் சுற்றளவைத் தானே கணக்கிட்டுவிடும்.

ஆகவே, ஏப்ரல் இரண்டாம் வாரத்திலும் ஆகஸ்ட் முதல் வாரத்திலும், வேலூர், குடியாத்தம், ராணிப்பேட்டை, அரக்கோணம், வாணியம்பாடி, திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய ஊர்களுக்கு நிழலில்லா நாளையும் நேரத்தையும் வானியலாளர்களிடம் சரிபார்த்துப் பட்டியலாக அச்சிட்டு, அது ஏன் நிகழ்கிறது என்பதை ஒரு சிறு படத்தோடு விளக்க வேண்டுகிறேன். ஏப்ரலில் தேர்வு நடக்கும் காலம் என்பதால், பள்ளிகள் திறந்திருக்கும் ஆகஸ்ட் மாதத்துப் பட்டியலைச் சற்றுப் பெரிய எழுத்தில் வெளியிட்டால் எங்களுக்கு இன்னும் உதவியாக இருக்கும். பிள்ளைகள் அளந்து அனுப்பும் அளவுகளுக்கு மறுவாரம் அதே கட்டத்தில் இடம் தருவீர்களானால், அவற்றைத் திரட்டி அனுப்பும் பொறுப்பை எங்கள் பள்ளி ஏற்றுக்கொள்ளும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
அரசு நடுநிலைப் பள்ளி ஆசிரியை,
குடியாத்தம் வட்டம், வேலூர் மாவட்டம்.